போர்டுல எழுதின பேரு

ஒரு ஊர்ல ஒரு நாலாங்கிளாஸ். கண்ண மூடிக்கிட்டு "ம்" மட்டும் கொட்டு. இன்னிக்கு நீ யார அடிச்சேன்னு சித்தி இப்ப கேக்கப் போறதில்ல, காலையில பேசிக்கலாம்.

அந்தக் கிளாஸ்ல டீச்சர் வெளிய போனா, லீடர் சாக்பீஸோட நிப்பா. பேசுறவங்க பேர போர்டுல எழுதணும். லீடர் பேரு செண்பகம். பெரிய மகாராணின்னு நெனப்பு அவளுக்கு. கடைசி பெஞ்சுல தனியா மரகதம்னு ஒருத்தி, புதுசா சேந்தவ. உங்கம்மா மஸ்கட் போன மாதிரி அவ அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாங்க. கேக்குறியா?

"ம்."

அப்போ ஒரு நாள் மரகதம் உதடு மட்டும் அசைஞ்சுது, முணுமுணுன்னு. செண்பகம் சர்ருனு பேர எழுதிட்டா. டீச்சர் வந்து ஸ்கேலால கையில சுளீர்னு ஒண்ணு. அப்புறம் மறுநாளும் முணுமுணு. பேருக்குப் பக்கத்துல ஒரு இன்ட்டு மார்க்கு, கையில ரெண்டு சுளீர். மூணாம் நாளு மூணு. கை வீங்கி பென்சில் புடிக்க முடியல. யாருகிட்டடி பேசுறன்னு ஒருத்தராச்சும் கேக்கணுமே? கேக்கல.

அப்புறம் இண்டர்வெல்ல செண்பகம் குழாயில தண்ணி குடிக்கக் குனிஞ்சா. டங்! மரகதம் டிபன் பாக்ஸால நெத்தியில அடிச்சிட்டா. ரத்தம் குபுகுபுன்னு ஊத்துது. நாலு தையல். அடிச்சது தப்புதான், அதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது.

"ம்..."

பெரிய டீச்சர் டிசி எழுத உக்காந்துட்டாங்க. அந்த ஊர்ல வேற பள்ளிக்கூடமும் இல்ல. மரகதத்தோட அப்பா கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிறாரு. அப்போ செண்பகம் தலையில கட்டோட வந்தா.

"டீச்சர், அவ பக்கத்துல யாருமே இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன்."

அப்புறந்தான் பெரிய டீச்சர் மரகதத்தப் பாத்து, யாருகிட்ட பேசினேன்னு கேட்டாங்க.

"எங்கம்மாகிட்ட. அம்மாவ ரொம்பத் தேடுச்சு, டீச்சர்."

பேனாவ மூடி வச்சிட்டாங்க. அன்னிலருந்து ஸ்கேல் கோடு போட மட்டுந்தான். பேர் எழுதுறதும் நின்னுச்சு. செண்பகம் பையத் தூக்கிட்டு கடைசி பெஞ்சுக்கே போயிட்டா. மரகதம் அவ கட்டத் தொட்டுப் பாத்து வலிக்குதான்னு கேட்டு அழுதா.

"அவ அம்மா வந்தாங்களா, சித்தி?"

தூங்கலையா நீ? இல்லடி, வரல. அந்த வருஷமும் வரல, அடுத்த வருஷமும் வரல. பொய் சொல்லி உன்னத் தூங்க வைக்க எனக்கு மனசில்ல.

"நானும் அம்மாகிட்ட பேசிட்டிருந்தேன். கதிரவன் பாத்துச் சிரிச்சான். அதான் அடிச்சேன்."

அப்படியா... வா, கிட்ட வந்து படு. காலையில நானும் உன்கூட வர்றேன். அடிச்சதுக்கு நீ மன்னிப்புக் கேளு, அவன் சிரிச்சத நான் உங்க டீச்சர்கிட்ட சொல்றேன். எனக்கும் எங்கக்காவ ரொம்பத் தேடுது. துணி துவைக்கிறப்ப நானும் அவகிட்டதான் பேசிட்டிருக்கேன், தெரியுமா?

கதை வாய மூடிக்கிச்சு. நீ மூட வேணாம். அம்மாகிட்ட பேசிட்டே தூங்கு.