சட்டை கேட்ட சுண்டெலி

ஒரு காட்டில் தும்பை என்றொரு முள்ளெலி, பள்ளிக்கூடம் பிடிக்காமல் பாதியிலேயே நின்றுவிட்டது. கதை கட்டுவது மட்டும் அதற்கு நன்றாக வரும்.

சாயங்காலமானால் சுண்டெலிக் குஞ்சுகள் சூழ்ந்துகொள்ளும். "தும்பையக்கா, சட்டைக் கதை!"

பாம்பு உரித்துப்போட்ட சட்டையை ஒரு சுண்டெலி திருடிப் போட்டுக்கொண்டு ஊரையே மிரட்டும். பாம்பு துரத்தும். சுண்டெலி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டம் பிடிக்கும். அவ்வளவுதான் கதை.

"மாட்டியிருந்தா?" என்று தும்பை கேட்கும்.

"முழுங்கியிருக்கும்!" என்று குஞ்சுகள் கத்தும். பாம்புப் புற்றுப் பக்கம் ஒன்றுகூடத் தலைவைத்துப் படுக்காது.

தும்பைக்கு அது போதவில்லை. கதை புத்தகமாக வரவேண்டும். காட்டில் புத்தகம் போடுவது ஆந்தையின் குழந்தை நூல் குழு. அந்தக் குழுவில் குழந்தைகள் கிடையாது.

"திருட்டா?" ஆந்தை கண்ணை உருட்டியது. "பிஞ்சு மனசு கெட்டுப்போகும். சுண்டெலி கேட்டு வாங்கட்டும்."

"பாம்புகிட்டயா, ஐயா?"

"மரியாதையாகக் கேட்டால் யார்தான் தரமாட்டார்கள்?"

"அப்போ துரத்துறது?"

"வன்முறை. எடுத்துவிடு."

"பாம்பு சுண்டெலியை முதுகில் தட்டிக்கொடுக்கட்டும்" என்றது குழுவில் இருந்த கொக்கு.

"பாம்புக்குக் கையே இல்லையே!"

"வாலால் தட்டும். எழுது."

தும்பை முள்ளைச் சிலிர்த்தது. பிறகு அட்டையில் தன் பெயரை நினைத்துப் பார்த்தது. முள் படிந்துவிட்டது.

புத்தகம் வந்தது. விருதும் வந்தது. போட்ட மாலை முள்ளில் சிக்கி, வீட்டுக்குப் போயும் கழற்ற முடியவில்லை.

மிளகு என்ற சுண்டெலிக் குஞ்சு ரொம்ப நல்ல பிள்ளை. புத்தகத்தை மனப்பாடம் செய்தது. நேரே புற்றுக்குப் போய்க் கைகட்டி நின்றது.

"பாம்பு ஐயா, வணக்கம். தங்கள் சட்டை கிடைக்குமா?"

"தாராளமாக. உள்ளே வந்து அளவு பார்த்துக்கொள், தம்பி."

மிளகு திரும்பி வரவில்லை.

தும்பை ஆந்தையிடம் ஓடியது. "ஐயா, பழைய கதையையே போட்டுடலாம். பாம்பைப் பார்த்தா ஓடணும்னாவது குஞ்சுகளுக்குத் தெரியும்."

ஆந்தை கண்ணை மூடி யோசித்தது. "பணிவு போதவில்லை போலிருக்கிறது. அடுத்த பதிப்பில் சுண்டெலி குனிந்து கும்பிட்டுக் கேட்கட்டும்."

தும்பையின் தலை பழக்கத்தில் சரியென்று ஆடியது.

அந்தப் பதிப்புக்கும் விருது கிடைத்தது.

நீதி: பாம்பை நல்லவனாக்கிக் கதை எழுதலாம், அந்தக் கதையைப் பாம்பு படித்திருக்காது.