நாற்பது பேரின் ஒரே கைதட்டல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஆட்சியெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கவிதை எழுதுவார் என்பது ஒன்றுதான் குறை.

எழுதியதைச் சபையில் படிப்பார். நாற்பது அதிகாரிகளும் கைதட்ட வேண்டும். அதற்கும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் மந்திரியான பிரதானி ராஜாவின் முகத்தைப் பார்த்துத் தட்டுவார். அடுத்தவர் பிரதானியின் கையைப் பார்த்துத் தட்டுவார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். தனக்கு ஒரு படி மேலே இருப்பவரைத் தவிர வேறு யாரையும் பார்ப்பது மரியாதைக் குறைவு. ஆகவே கைதட்டல் சட்டியில் பொரி வெடிப்பது போலப் படபடத்து ஓடும். கடைசி ஆளான குதிரை லாய அதிகாரி தட்டும்போது ராஜா அடுத்த கவிதையில் பாதி தாண்டியிருப்பார்.

ஒருநாள் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளை எண்பது கைகளும் ஒரே ஓசையாக விழ வேண்டும்!"

பிரதானி நாகலிங்கத்துக்கு விகடகவி பூவணனைக் கண்டாலே ஆகாது. "அரசே, இப்பணிக்குப் பூவணனே தக்கவர். ஆனால் ஆசனம் மாறலாகாது. சைகை கூடாது. சேர்ந்து தட்டுங்கள் என்று சொல்லவும் கூடாது. தவறினால் நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

வீட்டில் பூவணனின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. பாவம், அவளை எந்தக் காட்டுக்கு அழைத்துப் போவான்? யோசித்து யோசித்து, கோளாறு கையில் இல்லை, கண் போகிற வழியில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டான்.

மறுநாள் காலை நாற்பது பேர் காதிலும் தனித்தனியாக ஒன்றையே ஓதினான்: "இந்தச் சபையில் உங்கள் பதவி மேல் ஒருவருக்குக் கண். யாரென்று நான் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். மரியாதை காற்றில் பறந்தது. நாற்பது பேரும் நாற்பது பேரையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். ராஜா கவிதையை முடித்தார். எங்கோ ஒரு கை அசைந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

டப்!

ஒரே ஓசை. ராஜாவின் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது.

பூவணன் நடந்ததைச் சொன்னான். "பொய் சொல்லிச் சபையைக் கலைத்துவிட்டான், அரசே!" என்று குதித்தார் பிரதானி.

"பொய்யா? அப்படியென்றால் உங்களுக்குக் கீழே உள்ளவர்களில், தன் மேல் இருப்பவரின் பதவியை விரும்பாதவர் எழுந்து நிற்கட்டும், பிரபு" என்றான் பூவணன்.

ஒருவரும் எழவில்லை. ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூவணா, வேண்டியதைக் கேள்! பிரதானி பதவியே வேண்டுமா?"

"வேண்டாம், மகாராஜா. அதற்கு ஏற்கெனவே முப்பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.