ஓலைக்கு அடித்த மேளம்

செங்கழனி நாட்டில் ஓலை கொண்டு ஓடும் அஞ்சல்காரர்கள் எல்லாரும் ஒருநாள் ஈட்டியையும் சலங்கையையும் அரண்மனை வாசலில் போட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். மன்னர் மருதகேசரி ஆளுக்கொரு கம்பளியும் புதுச் செருப்பும் கொடுத்து, கெஞ்சாத குறையாகத் திரும்ப அழைத்தார். ஆட்கள் வந்தார்கள். ஓலைதான் போய்ச் சேரவில்லை. இளவரசியின் வளைகாப்புக்கு அழைத்த ஓலை, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு சம்பந்தி ஊரை எட்டியது. அன்றிலிருந்து மகாராணி மன்னரோடு பேசுவதில்லை.

மன்னருக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணில் படுவது விகடகவி கூத்தபிரான்தான்.

"அமாவாசைக்குள் அஞ்சல் சீராக வேண்டும். இல்லாவிட்டால் ஓலைப் பையை நீரே தூக்கிக்கொண்டு ஓடும்."

கூத்தபிரான் தம் தொந்தியைப் பார்த்தார். அரண்மனைப் படி ஏறுவதற்கே நடுவில் உட்காருகிற மனிதர். நிஜமாகவே பயந்துபோய் அஞ்சல்காரர்களிடம் ஓடினார்.

"எப்படிங்க ஓடுறது?" என்றான் மூத்த அஞ்சல்காரன் சங்கிலி. "ராஜா ஓலை வந்தா ராஜாவே வந்த மாதிரின்னு பிரதானி சட்டம் போட்டிருக்காரு. ஊருக்கு ஊர் மேளம், மாலை, விருந்து. ஓலைக்கு வாய் இல்லை, அதனால நாங்க சாப்பிடணும். அப்புறம் அது தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் விசிறணும். இதுக்குத்தான் வேலையை நிறுத்தினோம். என்ன ஏதுன்னு கேட்காம கம்பளி கொடுத்துட்டாங்க."

மறுநாள் சபைக்குள் மேளச் சத்தம் கேட்டது. கூத்தபிரான் முத்திரையிட்ட ஓலைச்சுருள் ஒன்றைக் குடை நிழலில் ஏந்தி வந்து சிம்மாசனத்தின் முன் நின்றார்.

"பிரபு, மகாராஜா வந்திருக்கிறார். கொஞ்சம் எழுந்திருங்கள்."

மன்னர் பிரதானி இருளப்பரைப் பார்த்தார். சட்டம் அவர் போட்டது. என்ன சொல்வார் பாவம், தலையை மெல்ல ஆட்டினார். மன்னர் எழுந்தார், ஓலை அமர்ந்தது. சபையே அதை வணங்கியது.

மன்னர் கால் மாற்றி நின்றார். "எவ்வளவு நேரம் ஐயா நிற்பது?"

"சாப்பாடே இன்னும் வரவில்லை. அதன் பிறகு மகாராஜா சற்றுக் கண்ணயர்வார்" என்று கூத்தபிரான் விசிறத் தொடங்கினார்.

"போதும். இந்த மரியாதை இன்றோடு ரத்து. என் முத்திரையிட்டு எல்லா ஊருக்கும் உடனே ஓலை அனுப்புங்கள்."

பிரதானி இருமினார். "பிரபு, அந்த ஓலைக்கும் ஊருக்கு ஊர் மேளம் அடித்து விருந்து வைப்பார்களே. கடைசி ஊருக்குப் போய்ச் சேர அடுத்த தை ஆகிவிடும்."

மன்னர் கூத்தபிரானைப் பார்த்தார்.

"என் பெயரில் அனுப்புங்கள், பிரபு. எனக்கு எந்த ஊரிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்."

மன்னர் சிரித்த சிரிப்பில், சிம்மாசனத்திலிருந்த மகாராஜா உருண்டு கீழே விழுந்தார்.