நடுவில் ஓர் ஒற்று

“சாமி, நாக்கு புரளாமல் இருக்க ஒரு மந்திரம் வேண்டும்.”

அடிகள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“வாத்தியாருக்கே நாக்கில் கோளாறா? வசம்பு தேய்.”

மாசிலாமணி சிரிக்கவில்லை. தலை நரைத்த சீடர்.

“நாளைக்குப் போர் நினைவு நாள். மைதானத்தில் உறுதிமொழியை நான் வாசிக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல ஊர் திருப்பிச் சொல்லும்.”

“அருளப்பன்தானே வாசிப்பான்?”

“ஒத்திகையில் அவர் நாக்கு புரண்டுவிட்டது. அங்கேயே ஜீப்பில் ஏற்றினார்கள். இன்னும் வீடு திரும்பவில்லை.”

அடிகள் ஊதுவதை நிறுத்தினார்.

“வாசி.”

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

“முதலில் எரிந்தோம். பிறகே எரித்தோம்.”

“சரியாகத்தானே வருகிறது.”

“இங்கே வரும். அங்கே வராது. அருளப்பன் ‘முதலில் எரித்தோம்’ என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு ஒற்று, சாமி. ‘ந்’ போய் ‘த்’ வந்தது. ஆளே போய்விட்டார்.”

“ஏன் புரண்டதாம்?”

மாசிலாமணி வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார்.

“போர் தொடங்கிய அன்றைக்கு அவரும் நானும் படகுத்துறையில் நின்றோம். அக்கரைக்காரர்களின் படகுகளுக்கு நம் ஆட்கள்தான் தீ வைத்தார்கள். நம் துறை எரிந்தது மறுநாள்தான்.”

“வேறு யார் பார்த்தது?”

“ஊரே நின்று பார்த்தது. கைதட்டியது.”

“எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?”

“ஜெயித்தால் மாற்றி எழுதுவார்களாம். ‘முதலில் எரித்தார்கள்’ என்று. இப்போது ஆளுகிறவர்களைச் சொல்கிறார்கள்.”

“அவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்?”

“என் பக்கத்தில். கைதட்டிக்கொண்டு.”

“ஆக, ‘எரித்தோம்’ என்று சொல்ல ஒரு கட்சியும் இல்லை.”

“மெதுவாகப் பேசுங்கள் சாமி! எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை இருக்கிறது.”

அடிகள் ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

“எரிந்தோம், எரித்தோம். இரண்டும் எப்படித் தொடங்குகிறது?”

“எரி.”

“அதில் புரள என்ன இருக்கிறது?”

“ஒன்றுமில்லை.”

“அதோடு நிறுத்து.”

“மீதிச் சொல்?”

“ஊருக்கு வாய் இல்லையா? போ. புகையில் நிற்காதே.”

மறுநாள் காலை மைதானம் நிரம்பிவிட்டது. ஓரத்தில் ஜீப், என்ஜினை அணைக்காமல். மேடையில் ஆளும் கட்சித் தலைவர் கோவேந்தன். மடத்துச் சாமி என்பதால் அடிகளுக்கும் அவர் பக்கத்திலேயே இடம் போட்டிருந்தார்கள்.

எல்லோரும் எழுந்து கையை நீட்டினார்கள்.

மாசிலாமணி ஒலிபெருக்கியின் முன்னால் நின்றார். ஜீப்பைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

“முதலில்...”

“முதலில்...” என்றது ஊர்.

“எரி...”

நிறுத்திவிட்டார்.

வாத்தியார் மறந்துவிட்டார் என்று நினைத்தார்கள் போலும். காத்திருக்காமல் ஊரே சொல்லை முடித்தது. யோசித்துச் சொல்லவில்லை. வந்தது வந்துவிட்டது.

“...த்தோம்!”

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையில் மட்டும் மெலிசாக ஒரு ‘ந்தோம்’ கேட்டது. அதுகள் பாடமாகப் படித்தவை. துறையில் நின்றவை அல்ல.

நீட்டிய கைகளை எப்படி இறக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. ஜீப்பில் இருந்தவர்கள் இறங்கினார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களில் ஒருவன் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

மாசிலாமணி ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கோவேந்தன் முகம் வெளுத்திருந்தது.

“யார்?” என்று கத்தினார். “யார் முதலில் சொன்னது?”

முன்வரிசை குனிந்து செருப்பைப் பார்த்தது.

அடிகள் அவர் காதருகே குனிந்தார்.

“உங்கள் பக்கத்தில்தானே நின்றேன், தலைவரே. காதில் விழுந்தது. ஒலிபெருக்கியில் சொல்லட்டுமா?”