முத்திரை உடையாத குதிர்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று யாரும் குறித்து வைக்காத ஒரு காலத்தில், ஆற்றங்கரையில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் ராஜா நல்லவர். ஆனால் மனத்தில் எது தோன்றினாலும் அன்றைக்கே அதைச் சட்டமாக்கிவிடுவார். அதுதான் ஜனங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி அரண்மனையைச் சூழ்ந்துகொண்டது. விறகெல்லாம் நனைந்து, மடைப்பள்ளியில் அடுப்பு எரியவில்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்த ராஜா, பொறுக்கமாட்டாமல், தம் கிளிக்கு வைத்திருந்த தினையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். வெள்ளம் சீக்கிரமே வடிந்துவிட்டது. ஆனால் தின்னும்போது அந்தக் கிளி பார்த்த பார்வையை அவரால் மறக்கவே முடியவில்லை.

உடனே சபையைக் கூட்டினார்.

"ஆபத்துக் காலத்தில் இனி இந்த நாட்டில் எந்த வீடும் பட்டினி கிடக்கக் கூடாது. அதற்கு என்ன வழி?"

களஞ்சிய அதிகாரி அழகப்பெருமாள் எழுந்தார். "பிரபு, ஒவ்வொரு வீட்டிலும் ஆளுயர மண் குதிர் நிறைய நெல் வைக்கச் சொல்வோம். அதன் மூடியைக் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிடுவோம். வீட்டுக்கு ஆபத்து வந்து, தாங்கள் முரசு அடிக்கச் சொல்லும்வரை மூடியை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

"பலே! அரண்மனைக் களஞ்சியத்துக்கும் அதே சட்டம்" என்றார் ராஜா.

சபையில் விகடன் மாசானம் இருந்தான். அவன் மெல்லக் கேட்டான்: "பிரபு, ஒரு சந்தேகம். நெல்லிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லிவிட்டார்களா? அடைத்து வைத்தால் கெட்டுப்போகக் கூடாது என்று அதற்குத் தெரிய வேண்டுமே."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்து, தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். நன்றாகச் சிரிக்க வைத்தவருக்குத் தம் கையால் வெற்றிலை கொடுப்பது அவர் வழக்கம். அழகப்பெருமாளுக்கு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பாக்குக்கூட வந்ததில்லை. அவருக்கு மாசானத்தின் மேல் இருந்த கோபத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தாலும் எனக்குத் தெரியாது.

சட்டம் சட்டம்தான். மறுநாள் அழகப்பெருமாளின் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். மாசானத்தின் வீட்டுக்கும் வந்தார்கள். குதிரின் மூடியைக் கழுத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, ராஜமுத்திரையைப் பதித்துவிட்டுப் போனார்கள்.

மாசானத்தின் மனைவி பேச்சியம்மை, இடுப்பில் கைக்குழந்தையோடு குதிரின் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னங்க இது அநியாயம்? நான் வருஷம் முழுக்க பழைய நெல்லை எடுத்துப் பொங்குவேன், எடுத்த அளவுக்குப் புது நெல்லைப் போடுவேன். அதனாலதான் நம்ம குதிரு எப்பவும் நிறைஞ்சும் இருக்கு, கெடாமலும் இருக்கு. இப்படிப் பூட்டிப் போட்டா அந்துப்பூச்சி தின்னுட்டுப் போகாதா? வெள்ளம் வந்தா பிள்ளைக்கு நான் உமியையா கரைச்சுக் கொடுப்பேன்?"

"மூடியைத் திறந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிருவாங்க, பேச்சி."

"திறக்கவும் கூடாது, கெடவும் கூடாதுன்னா எப்படி?"

மாசானம் குதிரின் பக்கம் திரும்பி, மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு சிரித்தான். அவன் என்ன கண்டான் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கதை முடிந்துவிடும்.

மாதங்கள் போயின. அடுத்த மழைக்காலம் நெருங்கிய சமயம், ஒருநாள் ராஜா வயிற்றைத் தடவிக்கொண்டே சபைக்கு வந்தார்.

"பழைய நெல்லெல்லாம் முத்திரைக்குள் கிடக்கிறது. புது அரிசிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு கல்லாகக் கிடக்கிறது. மாசானம், நீ மட்டும் எப்படி இவ்வளவு தெம்பாக இருக்கிறாய்?"

"எங்கள் வீட்டில் எப்போதும் பழைய அரிசிதான், பிரபு. ஆபத்துக்கு வைத்த குதிரிலிருந்து..." என்று சொன்ன பிறகுதான், வாய் தன்னை முந்திக்கொண்டது மாசானத்துக்குத் தெரிந்தது.

அழகப்பெருமாள் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா, பிரபு! ஆபத்துக்கு வைத்த நெல்லைத் தின்கிறானாம். அது உண்மையானால் முத்திரையை உடைத்திருக்கிறான். நாட்டைவிட்டுப் போக வேண்டும். உண்மை இல்லையென்றால் ராஜாவிடம் பொய் சொல்லியிருக்கிறான். அப்போதும் போக வேண்டும். எப்படி இருந்தாலும் ஓடத்தைத் தயார் செய்யச் சொல்லலாம்."

ராஜாவின் முகம் வாடிப்போனது. "மாசானம், இந்த இரண்டில் எது?"

"இரண்டும் இல்லை, பிரபு. முத்திரையையும் உடைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. தாங்களே வந்து பாருங்கள்."

ராஜாவும் அழகப்பெருமாளும் சபையோரும் மாசானத்தின் வீட்டுக்கு வந்தார்கள். தெருவே வாசலில் கூடிவிட்டது. பேச்சியம்மை பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அந்த மழையில், அந்த ஆற்றில், கைக்குழந்தையோடு ஓடம் ஏறுவதை நினைத்து, முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையில் போர்த்தினாள்.

அழகப்பெருமாள் முத்திரையைக் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை. கயிறும் அவருடைய ஆட்கள் போட்ட அதே முடிச்சோடு இருந்தது.

"முத்திரை உடையவில்லை. ஆகவே இவன் சொன்னது பொய்!"

"பேச்சி, ராஜாவுக்கு நம்ம நெல்லைக் காட்டு" என்றான் மாசானம்.

அவள் குதிரின் அடியில் குந்தி உட்கார்ந்து, அங்கே செருகியிருந்த துணிப்பந்தை உருவினாள். அடித்துளை வழியாகப் பொன்னிறமான நெல் பொலபொலவென்று முறத்தில் கொட்டியது.

ராஜா ஆச்சரியப்பட்டார். "குதிருக்கு அடியிலும் வழி இருக்கிறதா?"

"எல்லாக் குதிருக்கும் இருக்கிறது, பிரபு. மேலே போடுவோம், கீழே எடுப்போம். முத்திரை வைக்க வந்தவர்கள் குதிரும் ஊறுகாய் ஜாடியும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது."

வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழகப்பெருமாள் விடவில்லை. "எடுத்தது கீழே, சரி. இத்தனை மாதம் எடுத்தும் குதிர் நிறைந்திருக்கிறதே! மேலே திறக்காமல் எப்படிப் போட்டாய்?"

குதிர் என்பது ஒரே பானை அல்ல. வளையம் போன்ற சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் சாணமும் களிமண்ணும் பூசிச் செய்வது. அந்தப் பூச்சைத்தான் மாசானம் அன்று பார்த்துச் சிரித்தான். இப்போது அவன் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கழுத்து உறையைச் சுற்றிப் பூச்சை விரலால் பெயர்த்தான். பிறகு கழுத்தை அப்படியே இரண்டு கைகளாலும் தூக்கித் தரையில் வைத்தான். அதன்மேல் மூடி, மூடியின்மேல் கயிறு, கயிற்றில் முத்திரை. எதுவும் அசையவில்லை. குதிர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"மூடியைத் திறக்கக் கூடாது என்றார்கள், பிரபு. நான் திறக்கவில்லை. கழுத்தைத் தூக்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அழகப்பெருமாள் குறுக்கே பாய்ந்தார்.

"இது குறும்பு, பிரபு! மூடி இருக்கட்டும், சட்டத்தின் நோக்கம் என்ன? ஆபத்துக்கு நெல் இருக்க வேண்டும் என்பதுதானே? ஆளாளுக்கு இப்படித் தின்ன ஆரம்பித்தால் வெள்ளம் வரும் நாளில் என்ன மிஞ்சும்?"

நியாயமான கேள்விதான். ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஆவுடையாள் அழுதுகொண்டே முன்னால் வந்து விழுந்தாள்.

"சாமி, பேச்சி மதினியை மட்டும் அனுப்பிராதீங்க. அவுக சொல்லித்தான் நாங்களும் கழுத்தைத் தூக்கினோம். இந்தத் தெருவே தூக்கியிருக்கு. அனுப்புறதா இருந்தா எல்லாரையும் அனுப்புங்க!"

"போச்சு" என்று பேச்சியம்மை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உன்னை யாருடி கேட்டா?"

அழகப்பெருமாளின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. "ஒரு தெரு முழுக்கக் குற்றவாளிகள்! பெரிய ஓடமாகச் சொல்லிவிடுகிறேன், பிரபு."

மாசானம் ராஜாவின் முன் கைகூப்பி நின்றான். "பிரபு, களஞ்சியத்தார் கேட்டது நல்ல கேள்வி. வெள்ளம் வரும் நாளில் என்ன மிஞ்சும்? எங்கள் தெருவை மட்டும் கேட்பானேன்? எல்லாக் குதிர்களையும் கேட்டுவிடலாம். வீட்டுக்கு ஆபத்து வந்தால் முரசு அடிக்க வேண்டும் என்பதும் சட்டம்தானே? மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு என் குடும்பம் ஓடம் ஏறப்போகிறது. ஒரு வீட்டுக்கு இதைவிட என்ன ஆபத்து வர வேண்டும்? முரசை அடிக்கச் சொல்லுங்கள்."

ராஜா யோசித்தார். அவருக்குப் புதிதாக ஒன்று தோன்றிவிட்டது. தோன்றினால் அன்றைக்கே செய்துவிடுவார் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

"அடிக்கட்டும் முரசு! எல்லா முத்திரையும் உடையட்டும். முதலில் அரண்மனைக் களஞ்சியம்!"

அழகப்பெருமாளுக்கு அதில் பெருமைதான். பூஜை போட்டுப் பூட்டிய களஞ்சியம் அது. அடித்துளை கிடையாது, பெயர்த்தெடுக்கக் கழுத்தும் கிடையாது. ஈ நுழைய இடமில்லை. முரசு அதிர, ராஜா பார்த்திருக்க, அவரே முத்திரையை உடைத்துக் கதவைத் தள்ளினார்.

உள்ளேயிருந்து ஒரு மேகம் வெளியே வந்தது. மழை மேகம் அல்ல, அந்துப்பூச்சி. அவருடைய தலைப்பாகையிலும் மீசையிலும் காதிலும் பூச்சி. மூட்டைகளைத் தூக்கினால் பஞ்சுபோல் வந்தன. கையைவிட்டு அள்ளினால் உமியும் மாவுமாக உதிர்ந்தது. ஒரு கைப்பிடி சோற்றுக்குக்கூட அதில் நெல் தேறவில்லை. முத்திரையைக் கண்ணாகக் காத்த மற்ற தெருக்களிலிருந்தும் அதே சேதிதான் வந்தது.

ராஜா வெளிறிப்போனார். "இன்றைக்கே வெள்ளம் வந்திருந்தால்?" என்று கேட்டார். கிளியின் பார்வை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்போது மாசானத்தின் தெரு அரண்மனை மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. முரசு கேட்டால் மேட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தத் தெருவில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். ஒருத்தி தலையில் நெல் மூட்டை, ஒருத்தி இடுப்பில் தண்ணீர்க் குடம். பேச்சியம்மை அவல் பானையையும் கருப்பட்டித் துணுக்குகளையும் கொண்டுவந்தாள். ஆவுடையாள் ஓலைப்பாயில் சுருட்டிய காய்ந்த சுள்ளிகளோடு வந்தாள்.

"அடுப்பு எரியாட்டாலும் தின்ன இது இருக்கணும், சாமி" என்று பேச்சியம்மை அவலை நனைத்து, கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, இலையில் வைத்தாள். ராஜா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு அழகப்பெருமாளின் மீசையில் உட்கார்ந்து சிறகை ஆட்டிக்கொண்டிருந்த ஒற்றைப் பூச்சியைப் பார்த்தார். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஓடமும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம்! இனி எல்லா வீட்டிலும் பேச்சியம்மையின் வழக்கம்தான். பழையதை எடு, புதியதைப் போடு. மாசானம், உனக்கு என்ன வேண்டும், கேள். களஞ்சிய அதிகாரி வேலையே வேண்டுமானாலும் தருகிறேன்."

அழகப்பெருமாள் தலைகுனிந்து நின்றார். பேச்சியம்மை பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டாள்.

"அந்த வேலை அவரிடமே இருக்கட்டும், பிரபு" என்றான் மாசானம். "அவரைப்போலக் காவல் காக்க ஆள் கிடைக்காது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றிலிருந்து அவர் வீட்டு உலைக்கு அரிசி, ஆபத்துக் களஞ்சியத்திலிருந்து மட்டும்தான் போக வேண்டும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். தம் வெற்றிலைப் பெட்டியையே எடுத்து மாசானத்தின் கையில் வைத்துவிட்டார். மாசானம் அதைத் திறந்து, முதல் வெற்றிலையை மடித்து அழகப்பெருமாளிடம் நீட்டினான். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் ஆட்கள் களஞ்சியத்தைப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, வேப்பிலை பரப்பிப் புது நெல் கொட்டினார்கள். அழகப்பெருமாளே நின்று ஒவ்வொரு மூட்டையிலும் நெல்லைக் கடித்துப் பார்த்து வாங்கினார்.

அந்த மழைக்காலத்தில் ஆறு போன தடவையைவிட அதிகமாகவே பெருகியது. ஜனங்கள் மேட்டில் ஏறி, அவல் தின்று, கஞ்சி குடித்து, தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்பினார்கள். எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை பசியில் அழவில்லை. ராஜா தம் இலையிலிருந்து ஒரு பிடி அவலை எடுத்துக் கிளியின் கூண்டில் வைத்தார். கிளி அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு தின்ன ஆரம்பித்தது.