மீதி மூச்சு

"மேடம், புதுசா சுட வந்தவங்களும் ஓடிட்டாங்க," அப்படின்னாரு பெள்ளிராஜ்.

கோச் ரெஜினா மேடம் டீயை ஊதிக்கிட்டே கேட்டாங்க. "யாரு, பி.டி. டீச்சரா?"

"அவங்க ஓடி நாலு மாசம் ஆச்சு மேடம். அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"பால் இன்னுமா பொங்கல?"

பெள்ளிராஜ் சிரிக்கல.

கோத்தகிரிக்கு மேல ஒரு பழைய கொட்டகை. முன்னால தேயிலை காயப் போட்ட இடம், இப்ப துப்பாக்கி சுடுற கிளப்பு. இந்தக் கோடியில ஆளு நிப்பாங்க, அந்தக் கோடியில குறி வைக்கிற அட்டை தொங்கும். பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது.

அதனால மேகம் நெனச்சா உள்ள வரும், நெனச்சா போகும். ஒரு தடவ வந்துட்டு மறுபடியும் வர்ற ஒரே மெம்பர் அதுதான்.

மேகம் வந்துட்டா அங்க ஒரு பழக்கம். துப்பாக்கியக் காலி பண்ணி மேசையில வச்சுட்டு, பின்னால தள்ளி நிக்கணும். அட்டை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

கிளப்புல பழைய ஆளு பெள்ளிராஜுக்கு ஒரே ஆசை. ஜோடிப் போட்டி. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, சேந்து நின்னு சுடணும். மழை முடிஞ்சதும் கோயம்புத்தூர்ல நடக்கும். இவரு வருஷா வருஷம் போவாரு.

வேடிக்கை பாக்க.

மேடமும் ஜோடி சேர முடியாது, கோச்சுங்க நிக்கக் கூடாதுன்னு அங்க ரூலு. புதுசா யாராவது வரணும். வருவாங்க. ஆனா பெள்ளிராஜ் சொல்லிக் குடுப்பாரே, அதக் கேக்கணும்.

"கால அகட்டுங்கம்மா. இவ்ளோ இல்ல. அவ்ளோ இல்ல. முழங்கைய இடுப்புல வைங்க. அது இடுப்பு இல்லம்மா, வயிறு. மூச்ச இழுங்க. விடுங்க. ஐயோ, முழுசா யாரு விடச் சொன்னா? பாதி. மீதிய எங்க விட்டீங்க? தேடிப் பிடிங்க. விரல இழுக்காதீங்க, மெதுவா, மெதுவான்னா அவ்ளோ மெதுவா இல்ல..."

அப்புறம் அடுப்புல பால் இருக்காதா என்ன?

"நான் என்ன தப்பு பண்றேன் மேடம்?"

மேடம் பதில் சொல்ல வாயத் தொறந்தாங்க. அதுக்குள்ள மேகம் வந்துடுச்சு. முதல்ல ஜன்னல் போச்சு. அப்புறம் அட்டை. அப்புறம் பெள்ளிராஜோட ஷூ.

மேடம் ஒரு பழைய அட்டைய எடுத்து அவரு கையில குடுத்தாங்க. "பெள்ளிண்ணா, இத வெளிய அனுப்புங்க."

"எத?"

"மேகத்த."

பெள்ளிராஜ் விசிறினாரு. பஜ்ஜிக் கடைக்காரரு அடுப்ப விசிறுற மாதிரி விசிறினாரு. வெள்ளையா ஒண்ணு சுருண்டு எழுந்து, அவரு மூஞ்சியத் தடவிட்டு, கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்துச்சு.

"மேடம், இது போக மாட்டேங்குது. இன்னும் வருது."

டீ உறிஞ்சற சத்தம் மட்டும் எங்கிருந்தோ.

கை ஓஞ்சு போயி உக்காந்துட்டாரு. எங்க உக்காந்தோம்னே தெரியல. மேல கீழ எல்லாம் வெள்ளை. கொட்டகையே மெல்ல மெதந்து போற மாதிரி இருந்துச்சு. கண்ணு சொக்குச்சு.

முழிச்சுப் பாத்தா, அந்தக் கோடியில அட்டை நிலா மாதிரி தொங்குது.

"மேடம்! எப்பப் போச்சு?"

"பாக்கலண்ணா. டீ குடிச்சிட்டிருந்தேன்."

பெள்ளிராஜ் துள்ளி எந்திரிச்சாரு. "புரிஞ்சிடுச்சு மேடம்! புதுசா வர்றவங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாது!"

மேடம் அவர ஒரு பார்வ பாத்தாங்க. இன்னொரு டீ ஊத்திக்கிட்டாங்க.

அடுத்த வாரம் தில்ஷாத் வந்தாங்க. வர்க்கி பிஸ்கட் போடுற பேக்கரியில வேல. துப்பாக்கிய மேடம் காட்டிக் குடுத்தாங்க, அவங்க பாட்டுக்கு நின்னு சுட ஆரம்பிச்சாங்க.

பெள்ளிராஜ் ஒரு வார்த்தை பேசல.

பின்னால வந்து நின்னாரு. கையக் கட்டிக்கிட்டாரு. ஒரு குண்டு போச்சு. "ம்ம்ஹூம்." இன்னொண்ணு போச்சு. "ச்ச்ச." மூணாவதுக்குத் தலையில கை வச்சுக்கிட்டாரு.

தில்ஷாத் திரும்பினாங்க. "சார், ஏதாச்சும் தப்பா?"

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"இல்ல... அடுப்புல வர்க்கி வச்சிருக்கேன் சார். கெளம்பறேன்." துப்பாக்கிய வச்சுட்டுப் பைய எடுத்தாங்க.

பெள்ளிராஜ் மேடத்துக்கிட்ட ஓடினாரு. குசுகுசுன்னு அழாத குறையா, "மேடம், பாருங்க! நான் சும்மாதானே இருந்தேன்!"

"ஆமாண்ணா. நீங்க சும்மா இருந்த சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு."

பெள்ளிராஜுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அப்ப என்னதான் பண்ண? இவங்களும் போயிட்டா இந்த வருஷமும் நான் வேடிக்கைதான்."

"உங்க துப்பாக்கி எங்க?"

"பெட்டியில."

"எத்தன நாளா?"

பெள்ளிராஜ் யோசிச்சாரு. பெட்டி மேல இருந்த தூசியப் பாத்தாரு.

பெட்டியத் தொறந்தாரு. தில்ஷாத் நின்ன எடத்துக்குப் பக்கத்து மேசைக்குப் போனாரு. கால அகட்டினாரு. மூச்ச இழுத்தாரு, பாதி விட்டாரு.

டப்.

குண்டு அட்டைக்கே போகல. செவுத்துல பட்டு காரை பொலபொலன்னு உதுந்துச்சு.

"அட நாசமாப் போறவனே," அப்படின்னு தன்னையே திட்டிக்கிட்டாரு பெள்ளிராஜ்.

வாசல்ல ஒரு சிரிப்பு.

"உங்களுக்கே செவுத்துக்குப் போகுமா சார்?"

"எனக்குத்தாம்மா நெறைய போகும். அந்தச் செவுத்து ஓட்ட பூரா நம்ம கைங்கரியம்."

தில்ஷாத் வாசல்லயே நின்னாங்க. அப்புறம் பைய மறுபடியும் கீழ வச்சாங்க.

ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு சுட்டாங்க. பெள்ளிராஜ் திரும்பிப் பாக்கல. பாக்க நேரமில்ல, அவரு குண்டு அவருக்கே அடங்க மாட்டேங்குது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒண்ணு எங்கன்னே தெரியல. இத்தன நாள் கழிச்சு விரல் கூசுது, புதுசா வந்தவன் மாதிரி.

மேகம் வந்துச்சு.

துப்பாக்கியக் காலி பண்ணி மேசையில வச்சுட்டுப் பின்னால வந்து நின்னாங்க. ஜன்னல் போச்சு. மேசை போச்சு. ஆளுக்கு ஆளு தெரியல. தகரத்துல தண்ணி சொட்டுற சத்தம் மட்டும், ரொம்ப தூரத்துல இருந்து.

வெள்ளைக்குள்ள இருந்து ஒரு கொரல்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"மூச்சப் பாதி விட்டுட்டு, மீதிய என்ன சார் பண்றது?"

பெள்ளிராஜ் வாயத் தொறந்தாரு. இத்தன வருஷமா சேத்து வச்சது அத்தனையும் தொண்டையில வரிசை கட்டி நின்னுச்சு, ரேஷன் கடை மாதிரி.

"வச்சுக்கங்க," அப்படின்னாரு.

அப்புறம் ரெண்டு மூச்சு மட்டும், பக்கத்துல பக்கத்துல.

எவ்ளோ நேரமோ.

"பெள்ளிண்ணா!" கொட்டகைக்கு வெளிய இருந்து மேடம் கூப்பிட்டாங்க. "மேகம் போயிடுச்சா?"

"பாக்கல மேடம்," அப்படின்னுச்சு ரெண்டு கொரல்.