முயல் மிதித்த பாதை

சயோ என்ற முயல் காலையில் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். காட்டைக் காணவில்லை!

நேற்றுவரை இருந்த பாறைகள் இல்லை. மூங்கில் புதர்கள் இல்லை. தேவதாரு மரங்கள் மட்டும் இடுப்புவரை பனியில் புதைந்து நின்றன. ஒரு இலை அசையவில்லை. ஒரு பறவை கத்தவில்லை.

"அடேயப்பா!" என்றாள் சயோ. அவள் குரல் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல அவளுக்கே கேட்டது.

ஜப்பான் நாட்டின் வடக்கே, மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு மேலே இருந்தது இந்தக் காடு. சயோ கோடையில்தான் சமவெளியிலிருந்து இங்கே குடிவந்திருந்தாள். சமவெளியிலும் பனி விழும். காலையில் விழுந்தால் மதியம் போய்விடும். இங்கே விழுந்த பனி போகவே இல்லை. அதன் மேலேயே இன்னும் இன்னும் விழுந்தது. பழுப்பாக இருந்த சயோவின் உடம்பும் வெளுத்துப் போனது. அவளுக்கு எதைப் பார்த்தாலும் வியப்பு!

அந்தக் காட்டு விலங்குகள் குளிர்காலத்தில் சும்மா இருப்பதில்லை. காட்டின் நடுவே பெரிய பொந்து விழுந்த தேவதாரு ஒன்று இருந்தது. எல்லோரும் அதற்குள் கூடி வேலை செய்தார்கள். கீழே ஊரில் மனிதர்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கயிறு திரிப்பதையும் கூடை முடைவதையும் குரங்குகள் ஒளிந்திருந்து பார்த்திருந்தன. அந்தப் பழக்கம்தான் காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

கினு என்ற குரங்கு மரப்பட்டைகளை ஆற்றில் ஊறவைத்து நார் எடுப்பாள். ஓரின் என்ற நரி அந்த நாரைத் திரித்துக் கயிறாக்குவாள். தைஸோ என்ற காட்டுப்பன்றி இளங்கிளைகளை வெந்நீரில் நனைத்து வளையமாக வளைப்பான். வளையத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றைப் பின்னினால் பனிச்செருப்பு தயார்! அதைக் காலில் கட்டிக்கொண்டால் பனியில் ஓரளவு புதையாமல் நடக்கலாம்.

பொந்திலிருந்து மலை உச்சிக்கு ஒரு பாதை போனது. உச்சியில் ஒரு வெந்நீர் ஊற்று. குளிரில் விறைத்துப் போனவர்களுக்கு அந்த ஊற்றை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ராத்திரி பனி விழுந்தால் பாதை மூடிவிடும். காலையில் யாராவது அதை மிதித்து இறுக்கியாக வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். யார் வாசலில் மரப்பலகை தொங்குகிறதோ, அன்றைக்குப் பாதை அவர் பொறுப்பு.

தைஸோ மிதிக்கும்போது பூமி அதிரும். ஓரினுக்கு உடம்பில் எடை இல்லை. அதனால் அவள் மேலும் கீழுமாகப் பலமுறை நடப்பாள். முடிக்கும்போது நாக்கு வெளியே தொங்கும்.

"எதுக்கு அக்கா திரும்பத் திரும்ப மிதிக்கிறீங்க? பாதை மேல ஏதாவது கோபமா?" என்று சயோ ஒருநாள் கேட்டாள்.

"உன் வாசலுக்கும் பலகை வரும்டி. அப்போ பேசு!" என்றாள் ஓரின்.

இன்று பலகை சயோவின் வாசலில் தொங்கியது.

சயோ பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டாள். பொந்தின் வாசலில் நின்று பாதை இருக்கும் பக்கம் காலை வைத்தாள். பனி தாங்கியது. குதித்துப் பார்த்தாள். தாங்கியது. பின்னங்கால்கள் இரண்டையும் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அப்போதும் தாங்கியது!

"பாறை மாதிரி இருக்கே! இதை இறுக்கவா நாள் பூரா மிதிக்கிறாங்க?" என்று சிரித்துக்கொண்டாள்.

ஒரே ஓட்டமாக உச்சிவரை ஓடினாள். திரும்பும்போது கொஞ்சம் குதித்தாள். எங்கேயும் அவள் கால் புதையவில்லை. மேடு பள்ளத்தை வயிற்றால் இழுத்துச் சமன் செய்தாள். பாதை வழவழவென்று அழகாக இருந்தது. இவ்வளவு அழகான பாதையை இதுவரை யாரும் போட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வேலை முடிந்துவிட்டது. சயோ மறுபடி உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊற்றிலிருந்து ஆவி எழுந்தது. அந்த ஆவி பக்கத்து மரங்களில் பட்டு, கிளை கிளையாக வெள்ளைப் பூவாகப் படிந்திருந்தது. வெயில் பட்டதும் காட்டில் ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக மின்னியது. சயோ வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் காதுகள் குளிரில் மரத்துப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதே நேரம் கீழே ஆற்றங்கரையில் கினு பட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள். அவள் குட்டி அவள் முதுகில் தொங்கியது. ஒரு பட்டை கை நழுவிப் போனது. அதைப் பிடிக்க ஓரத்துப் பனிக்கட்டியில் காலை வைத்தாள். பனிக்கட்டி உடைந்தது!

குட்டி பயந்து அலறிக்கொண்டு கரைக்குத் தாவிவிட்டது. கினு கழுத்துவரை தண்ணீரில் விழுந்தாள். தைஸோ ஓடிவந்து அவள் தோளைக் கவ்வி வெளியே இழுத்தான். அதற்குள் அவள் ரோமம் நனைந்து உறைய ஆரம்பித்திருந்தது. கை கால் மடங்கவில்லை. கண் திறக்கவில்லை.

"கினு! கினு! பேசு!" என்றான் தைஸோ.

கினு அசையவில்லை. மூச்சு மட்டும் மெல்லியதாக இருந்தது.

"ஊத்துக்குக் கொண்டு போகணும். இப்பவே!" என்றான் தைஸோ.

அலறல் கேட்டு ஓடிவந்த ஓரின், தான் திரித்த கயிற்றாலேயே கினுவைத் தைஸோவின் முதுகில் கட்டினாள். குட்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கினு பெரிய குரங்கு. நனைந்த ரோமத்தோடு இன்னும் கனத்தாள். அவளைச் சுமக்க அங்கே தைஸோவை விட்டால் ஆள் இல்லை.

"நீங்க முன்னாடி போங்க அண்ணே. நான் காய்ஞ்ச வைக்கோல் எடுத்துட்டு வர்றேன்!" என்றாள் ஓரின்.

தைஸோ பனிச்செருப்புடன் பாதையில் ஏறினான். வழவழவென்று இருந்த பாதையைப் பார்த்து அவனுக்கு நிம்மதி. வேகமாக நடந்தான். பாதை தொடங்கும் இடத்தில் பழைய பனி இறுகிக் கிடந்தது. அங்கே ஒன்றும் ஆகவில்லை. சரிவு தொடங்கியது. அங்கே ராத்திரி காற்று புதுப்பனியைக் குவித்திருந்தது. தைஸோவின் முன்னங்கால் இரண்டும் உள்ளே போயின. அவற்றை இழுக்கப் பின்னங்காலை ஊன்றினான். அவையும் உள்ளே போயின. பிறகு மார்பு, பிறகு தோள். அசைய அசையக் கீழேதான் போனான்.

மேலேயிருந்து சயோ பார்த்துவிட்டாள். துள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணே, பனியில படுத்துட்டீங்க? எழுந்து வாங்க, பாதை ஜோரா இருக்கு!"

தைஸோவின் மூக்குக்கு நேராக, பனியின் மேல் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னாள். தைஸோ அவள் காலையே பார்த்தான்.

"சயோ," என்றான். மூச்சு வாங்கியது. "நீ நிக்கிற இடத்துலதான் நான் முங்கிக் கிடக்கேன்."

சயோ கீழே பார்த்தாள். தைஸோவின் உடம்பு கிழித்த குழி தெரிந்தது. மேலே வெள்ளையாக இருந்த பனி, உள்ளே போகப் போக நீலமாக இருந்தது. அடியைக் காணவில்லை. இத்தனை நேரம் இவ்வளவு ஆழத்தின் மேலா குதித்துக்கொண்டிருந்தாள்?

அப்போதுதான் அவன் முதுகில் கட்டியிருந்த கினுவைப் பார்த்தாள். ரோமம் கண்ணாடிக் குச்சிகள் மாதிரி விறைத்து நின்றது.

"அம்மா எழுந்திருக்க மாட்டேங்குது!" என்று குட்டி அழுதது.

சயோ தைஸோவின் முன்னால் குனிந்தாள். "அண்ணே... நான் மிதிச்சேன். நல்லாத்தான் இருந்தது. என் கால் புதையவே இல்லை."

"உன் கால் புதையாதும்மா," என்றான் தைஸோ. அவன் கோபப்படவில்லை. கோபப்பட அவனிடம் மூச்சு இல்லை. "போ. எல்லாரையும் கூப்பிடு. சீக்கிரம்!"

சயோ பறந்தாள். பொந்து மரத்தின் வேரில் நின்று பின்னங்காலால் அடித்தாள். மரம் முழுக்க முரசுபோல அதிர்ந்தது. வைக்கோல் கட்டோடு கிளம்பிக்கொண்டிருந்த ஓரின் ஓடி வந்தாள். மான்கள் வந்தன. வளை தோண்டி வாழும் குட்டையான வளைக்கரடிகள் வந்தன. மற்றக் குரங்குகள் வந்தன.

"என்னடி ஆச்சு?"

"நான் பாதையை மிதிச்ச லட்சணத்துல தைஸோ அண்ணன் புதைஞ்சுட்டார். கினு அக்கா அவர் முதுகுல. இன்னும் ஊத்துக்குப் போகலை!"

ஓரின் அவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்ட வாயைத் திறந்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் செருப்பைக் கட்டுங்க!"

சயோவும் கட்டினாள். பிறகு சொன்னாள்: "அக்கா, கல்லைக் கட்டி என் முதுகுல ஏத்துங்க."

"உன் முதுகுலயா? நசுங்கிடுவே!"

"நான் நசுங்கினா பனியும் நசுங்கும். ஏத்துங்க!"

வைக்கோலால் முடைந்த ஒரு பையில் கற்களைப் போட்டு அவள் முதுகில் கட்டினார்கள். சயோ ஒரு அடி வைத்தாள். முதல்முறையாக அவள் கால் புதைந்தது. இன்னொரு அடி. வயிறுவரை போனது. பனி அவள் வாய்க்குள் வந்தது, காதுக்குள் வந்தது. உறையும் குளிர்! இத்தனை நாள் பார்த்து வியந்த பனி இதுதானா? இதில்தானா எல்லோரும் தினமும் நடந்தார்கள்?

"தூக்கு, மிதி! தூக்கு, மிதி!" என்று ஓரின் குரல் கொடுத்தாள்.

பாதையின் வளைவுகளைக் காலையில் ஓடிப் பார்த்தவள் சயோதான். அதனால் அவளே முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் ஓரின், வளைக்கரடிகள், குரங்குகள், கடைசியில் மான்கள். ஒருவர் புதைந்த இடத்தை அடுத்தவர் மிதித்தார். அவர் மிதித்ததை அதற்கடுத்தவர் இறுக்கினார். தொம், தொம், தொம்! சரிவெங்கும் அந்தச் சத்தம் எழுந்தது. கிளைகளிலிருந்து பனி உதிர்ந்து வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது. எல்லோர் மூச்சும் சேர்ந்து பாதையின் மேல் ஒரு மேகமாக நின்றது.

தைஸோ இருந்த இடம் வந்தது. அவனைச் சுற்றி மிதித்து ஒரு சரிவு செய்தார்கள். மான்கள் முட்டித் தள்ளின. குரங்குகள் கயிறு போட்டு இழுத்தன.

"மெதுவா! நான் உருளைக்கிழங்கு மூட்டை இல்லை!" என்றான் தைஸோ.

"மூட்டையா இருந்தா இந்நேரம் உருட்டியிருப்போம்!" என்றாள் ஓரின்.

தைஸோ வெளியே வந்தான். ஆனால் மேலே இன்னும் பாதை பாக்கி இருந்தது. சயோ நிற்கவில்லை. கண் இருட்டியது. முதுகில் கயிறு அறுத்தது. குட்டிக்குரங்கின் அழுகை மட்டும் பின்னாலிருந்து கேட்டது. அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே மிதித்தாள். தூக்கு, மிதி. தூக்கு, மிதி.

முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. ஆவி!

கினுவை ஊற்றில் இறக்கினார்கள். தைஸோவும் கூடவே இறங்கி அவள் தலையைத் தன் கழுத்தின் மேல் தாங்கிக்கொண்டான். அவள் ரோமத்திலிருந்து பனிக்கட்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மான்கள்கூடக் காலை மாற்றி வைக்கவில்லை. தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை மட்டும்.

ஒரு விரல் அசைந்தது. பிறகு கை. கினு கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"என் பட்டை எல்லாம் ஆத்தோட போச்சா?" என்று கேட்டாள்.

"பட்டையாம் பட்டை! உன் உயிர் ஆத்தோட போயிருக்கும்!" என்று ஓரின் கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். குட்டி தண்ணீருக்குள் குதித்து அம்மாவின் மேல் ஏறிக்கொண்டது.

சயோ கரையிலேயே நின்றாள். கல் மூட்டையை இறக்கத் தோன்றவில்லை.

"கினு அக்கா, பாதை சரியில்லாம போனது என்னாலதான். எனக்கு நல்லா இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

கினு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பனி அப்பிய காது, கயிறு பதிந்த முதுகு, நடுங்குகிற கால்.

"இப்போ எப்படி இருந்தது?"

"ரொம்ப ஆழம் அக்கா."

"சரி. மூட்டையை இறக்கிட்டுத் தண்ணிக்குள்ள வா. அடுத்து விறைக்கப் போறது நீதான்!"

அன்று ராத்திரியும் பனி விழுந்தது. காலையில் மறுபடி காட்டைக் காணவில்லை. முறை ஓரினுடையது. அவள் எழுந்து வருவதற்குள் சரிவில் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. சயோ கல் மூட்டையோடு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"பலகை என் வாசல்லதானேடி தொங்குது?" என்றாள் ஓரின்.

"நேத்து வேலையே நான் இன்னும் முடிக்கலை அக்கா."

ஓரின் செருப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டாள். வெயில் மரங்களுக்கு மேலே வரும்வரை இருவரும் மிதித்தார்கள். முடிந்ததும் சயோ தைஸோவை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பாதையில நடந்து காட்டுங்க. முதுகுல ஏதாவது சுமையோட."

"தூங்கறவனை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்றியா? நல்ல மரியாதை!" என்று முனகினான் தைஸோ. ஆனாலும் நனைந்த பட்டைக் கட்டு ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

மலை பளபளத்தது. கிளைகளெல்லாம் பூத்திருந்தன. சயோ எதையும் பார்க்கவில்லை. பாதை ஓரத்தில் குனிந்து, தைஸோவின் குளம்புகளை மட்டும் பார்த்தாள். ஒரு குளம்பு பனியில் பட்டது. நின்றது. அடுத்தது பட்டது. அதுவும் நின்றது. சரிவு முழுக்க அவன் ஏறிப் போகும்வரை அவள் மூச்சு விடவில்லை.

உன்னைத் தாங்கியதால் மட்டும் ஒரு பாதை நல்ல பாதை ஆகிவிடாது. உன்னைவிடக் கனத்த சுமையோடு வருகிறவரையும் அது தாங்கினால்தான் உன் வேலை முடிந்தது.